பன்னிரண்டு படத்தில் ஒரு நடை

என் தம்பியின் நடையைப் பன்னிரண்டு படமாக வரைந்து பொம்மைக் கம்பெனிக்குக் கொடுத்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

நான் வேலை பார்ப்பது விளையாட்டுச் சாமான் செய்கிற ஒரு பட்டறையில். ஒன்பது வருஷமாக எனக்கு அங்கே ஒரே வேலை, பட்டை வரைவது. பட்டை என்றால் ஒரு கை நீளக் காகிதம். அதில் வரிசையாகப் பன்னிரண்டு படம் இருக்கும். முதல் படத்தில் குதிரை காலைத் தூக்கும், இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் தூக்கும், இப்படியே போய்ப் பன்னிரண்டாவதில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். பட்டையை வட்டமாகச் சுருட்டித் தகர டப்பாவுக்குள் வைத்துச் சுற்றிவிட்டால் குதிரை ஓடும். உண்மையில் எந்தக் குதிரையும் ஓடுவதில்லை. காகிதத்தில் எல்லாம் அசையாமல்தான் நிற்கின்றன, பார்க்கிற கண்தான் ஏமாந்துபோகிறது. ஊரார் கண்ணை ஏமாற்றிச் சோறு தின்கிறவள் என்று தம்பி என்னைக் கேலி செய்வான்.

முன்பெல்லாம் டப்பாவின் சுவரில் பன்னிரண்டு சந்து வெட்டியிருக்கும். அதன் வழியாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். போன வருஷம் முதலாளி புது மாதிரி டப்பா ஒன்று கொண்டுவந்தார். இதில் சந்து கிடையாது. நடுவில் பன்னிரண்டு சின்னக் கண்ணாடிகள் வட்டமாக நிற்கும். பட்டையில் உள்ள படம் கண்ணாடியில் விழும், நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம். கண்ணாடி என்பதால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். படத்தில் எழுத்து வந்தால் திருப்பித்தான் எழுத வேண்டும். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

புது டப்பாவுக்கு ஆறு பட்டை கேட்டார். ஐந்து கொடுத்தேன். ஆறாவதுக்கு நான் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார்.

"நாய் ஓடுது, குதிரை ஓடுது, முயல் ஓடுது. இதைப் பார்த்து யாருக்கும்மா சிரிப்பு வரும்? சுத்தினா வயிறு வலிக்கச் சிரிக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடியாதுன்னா சொல்லிடு, நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

வேற ஆளாம். ஒன்பது வருஷம் உழைத்த பிறகு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விறுவிறுவென்று என் மேஜைக்குப் போய்ப் பென்சிலை எடுத்தேன். யோசிக்கவே இல்லை, ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு படமும் முடிந்துவிட்டது. ஒரு மனிதன் நடக்கிறான். ஒரு காலை ஊன்றும்போது உடம்பு அந்தப் பக்கம் சரிகிறது, தோள் இறங்குகிறது, விழாமல் இருக்க எதிர்க் கை வெளியே வீசுகிறது, தலை ஒரு வெட்டு வெட்டி நிமிர்கிறது.

தம்பிக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவன் பையையும் நான்தான் சுமந்தேன். அவன் முன்னால் போவான், விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று நான் பின்னால் போவேன். ஏழு வருஷம் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த நடை எனக்கு மனப்பாடம் ஆனது. பாசத்தில் பார்த்ததை எடுத்துக்கொண்டுபோய் ஒரு கோபத்தில் சிரிப்புக்கு விட்டேன்.

அவன் என்று யாருக்கும் தெரியக் கூடாதே என்று வேஷமும் போட்டேன். தம்பி ஒல்லி, அதனால் இவனுக்குத் தொப்பை. மீசை, தொப்பி, கக்கத்தில் ஒரு குடை. எல்லாவற்றுக்கும் மேலாக, சூம்பின காலை வலது காலாக மாற்றினேன். கால் மாறினால் ஆளும் மாறிவிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாதிரி டப்பாவில் வைத்து முதலாளி சுற்றினார். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறி, அச்சுக்காரர் ஓடிவந்து தலையில் தட்டினார். தட்ட வந்தவரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி என்ன என்று நானும் குனிந்து பார்த்தேன்.

இடது காலை இழுத்துக்கொண்டு என் தம்பி நடந்துகொண்டிருந்தான். எழுத்தைத் திருப்பிப் போடத் தெரிந்த எனக்கு, கண்ணாடியில் காலும் திரும்பும் என்று உறைக்கவில்லை. தொப்பையும் மீசையும் எதையும் மறைக்கவில்லை. அச்சு அசல் அவனேதான்.

அப்போது இன்னும் அச்சு ஏறவில்லை. "ஐயா, இது வேண்டாம், வேற வரைஞ்சு தர்றேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இத்தனை நாள் இந்தச் சரக்கை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வாயைத் திறக்கவில்லை. 'நடை ராஜா' என்று அவரே பேரும் வைத்தார். மறுநாள் காலையில் அச்சுக்குப் போய்விட்டது.

டப்பா பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைக்காரர்கள் நடை ராஜாவைத்தான் சுற்றிக் காட்டி விற்கிறார்கள் என்று பட்டறையில் சொன்னார்கள். ஒருநாள் கடைத்தெருவில் எனக்கு முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள் ஒருத்தி தோளில் ஒருத்தி இடித்துக்கொண்டு, நடை ராஜா மாதிரியே சரிந்து சரிந்து நடந்து போனார்கள். இழுத்து வைத்து அறையலாம் போல் கை பரபரத்தது. ஆனால் அவர்களை அறைந்து என்ன ஆகப்போகிறது, வரைந்த கை என்னுடையது. இரண்டு தடவை முதலாளி அறை வாசல் வரை போனேன். பட்டையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஏன் என்று கேட்பாரே, தம்பி என்று சொல்ல வேண்டி வருமே என்று திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி ஒரு பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறான். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஆபீஸ் உண்டு, கடைத்தெருப் பக்கமே வர மாட்டான். அவனுக்கு எது என்றாலும் என்னைத்தான் கேட்க வேண்டும். எந்தச் சட்டை, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் அக்கா சொன்னால் சரி. அந்தப் பட்டையை அவன் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு என்னை என்னவென்று நினைப்பான்? அவன் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் தலைவலி என்று சாக்குச் சொன்னேன். "அக்காவுக்கு என் மேல என்ன கோபம்னு கேட்டுச் சொல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அதற்கு மேல் தட்ட முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

அவன் மகளுக்கு ஆறு வயது. குட்டி என்று கூப்பிடுவோம். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, உன் டப்பா எங்க வீட்டுக்கு வந்திருச்சு."

ஜன்னல் ஓரத்து மேஜையில் கண்ணாடி டப்பா இருந்தது. அவளுடைய மாமா காலையில் வந்து கொடுத்துவிட்டுப் போனானாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அத்தை வேலை பார்க்கிற இடத்துப் பொம்மை என்று ஆசையாக வாங்கியிருக்கிறான்.

"அப்பா பார்த்தாச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல, அப்பா இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து வந்தாரு, குளிக்கிறாரு. வந்ததும் காட்டணும். இதுக்குள்ள அப்பா இருக்காரு, தெரியுமா? தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு நடக்குறாரு."

அவள் சிரிக்கவில்லை. அப்பா பொம்மைக்குள் வந்துவிட்டார் என்ற பெருமைதான் அவள் முகத்தில் இருந்தது.

"குடிக்கத் தண்ணி கொண்டா, கண்ணு" என்று அவளைச் சமையலறைக்கு விரட்டிவிட்டு, நடை ராஜாவை டப்பாவிலிருந்து உருவிச் சுருட்டி என் கைப்பைக்குள் திணித்தேன். நாற்பத்தொரு வயதுப் பொம்பளை, ஒரு குழந்தையின் விளையாட்டுச் சாமானைத் திருடினேன்.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"வாங்க மகாராணி. வழி மறந்துபோச்சோன்னு பார்த்தேன்."

"ரொம்பத்தான் பேசாதே. வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு நாற்காலி போட வக்கில்லை."

"உனக்குத் தனியா ஆள் வச்சுப் போடணுமா?" என்று சிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். நான் கைப்பையை நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

குட்டி தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு டப்பாவிடம் போனாள். பட்டைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஆறு இருந்துச்சு. இப்ப அஞ்சுதான் இருக்கு. அப்பா பட்டையைக் காணோம்."

"கட்டிலுக்கு அடியில பாரு, பறந்தா போயிருக்கும்?" என்று தம்பி மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். குட்டி கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், மேஜைக்கு அடியில் பார்த்தாள். நானும் எழுந்து அவளோடு சேர்ந்து தேடினேன். அந்த நடிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. கண் கலங்கிப் போய் அவள் என் நாற்காலியை நகர்த்தினாள். கைப்பை கீழே விழுந்தது. சுருட்டி வைத்த காகிதம் சும்மா இருக்குமா, பையின் வாய் திறந்ததும் துள்ளிக்கொண்டு வெளியே வந்து விரிந்தது.

"அத்தை, நீயா எடுத்தே?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். தம்பி என்னையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதுல ஒரு தப்பு இருக்கு. கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுபோகணும்" என்றேன். யாரிடம் போய் இந்தப் புளுகை அவிழ்த்துவிட்டேன் பாருங்கள், தப்பு கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவனிடம்.

"தப்பா? கொடு இங்கே. நீ சொல்லாதே, நானே கண்டுபிடிக்கிறேன்."

"வேண்டாம்டா. பசிக்குது, சாப்பிடலாம் வா."

"இருக்கா, ஒரு நிமிஷம்."

பட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு படமாகப் பார்த்தான். "வரிசை சரியா இருக்கு. மையும் பரவலை" என்று முணுமுணுத்துக்கொண்டு டப்பாவில் வைத்துச் சுற்றினான். குனிந்து பார்த்தவன் பக்கென்று சிரித்துவிட்டான்.

"எந்த ஊரு ராஜாக்கா இவன்? தலையை எப்படி வெட்டுறான் பாரு."

"அது நீதாம்ப்பா" என்றாள் குட்டி.

"நானா? எனக்கு எங்கேடி தொப்பை?"

"தொப்பை இல்லப்பா. நடை."

இன்னொரு தடவை சுற்றினான். சிரிப்பு கொஞ்ச நேரம் உதட்டில் நின்றது, பிறகு போய்விட்டது. மூன்றாவது தடவை மெதுவாகச் சுற்றி, பாதியில் விரலை வைத்து டப்பாவை நிறுத்தினான்.

"இடது கால்" என்றான்.

"நான் வலதுதான்டா வரைஞ்சேன். கண்ணாடியில மாறிப்போச்சு."

இதைவிடக் கேவலமாக யாரும் தப்பை ஒப்புக்கொண்டிருக்க முடியாது. அவன் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவன் திட்டவில்லை.

"இவ்வளவு சாயுதாக்கா?"

டப்பாவிலிருந்து பட்டையை எடுக்கப் போனேன். அவன் என் கையை விலக்கினான்.

"போட்டோவுல நிக்கிறேன். கண்ணாடி முன்னாடியும் நிக்கிறேன். நடக்கிறதை நான் எங்கே பார்த்தேன்? கடைக் கண்ணாடியில ஒரு எட்டு தெரியும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்டதான் கேட்டேன், ரொம்பத் தெரியுதான்னு. உத்துப் பார்த்தாத்தான் தெரியும்னே. வேலைக்குச் சேர்ந்தப்பவும் கேட்டேன். அப்பவும் அதேதான் சொன்னே." தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். "கை வேற இப்படி வீசுதா?"

"மன்னிச்சிருடா. உன்னைக் கேலி பண்ணணும்னு வரையலை. அன்னிக்கு அவரு வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னாரு, எனக்கு ஆத்திரம்..."

"சரியாத்தான் வரைஞ்சிருக்கே. ஒரு படத்துலகூடத் தப்பில்லை" என்றான்.

எழுந்தான். எதிர்ச் சுவரை நோக்கி நடந்தான். நான் அறிந்த நடை இல்லை அது. தோளை இறங்க விடாமல் பிடித்திருந்தான். வலது கையைத் தொடையோடு ஒட்டவைத்திருந்தான். இடது பாதத்தை எடுத்து, தரையைப் பார்த்து, அளந்து வைத்தான். எட்டு அடி தூரம் போவதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது. சுவரைத் தொட்டுத் திரும்பி நின்றான்.

"இப்பத் தெரியுதாக்கா?"

"தெரியலைடா" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. அவன் அந்தக் கேள்வியைக் கேட்டால் என் வாய்க்கு அந்த ஒரு பதில்தான் தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

தம்பி மகள் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லும்மா. தெரியுதா?"

"தெரியுதுப்பா" என்றாள் குட்டி. "இப்பத்தான் ரொம்பத் தெரியுது."

"சரி" என்றான். தோளையும் கையையும் விட்டுவிட்டு, எப்போதும் போல் நடந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.