எதிர்க்கரையில் சாப்பாடு

கிளைவ் செட்செல்லுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கர்வம்தான். காரும் லாரியும் வராத, மேடு பள்ளம் இல்லாத சைக்கிள் பாதை இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு வட்டாரத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று சொல்ல அவரைவிட்டால் ஆளில்லை. உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே போகும் கரிசல் தடம், வாய்க்கால் கரையின் புல்பாதை, ரயில் நின்றுபோய் ஜல்லி மட்டும் மிஞ்சிய பழைய பாதை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. யார் கேட்டாலும், "ஏத்தமே கிடையாது, கண்ணை மூடிக்கிட்டு மிதிக்கலாம்" என்பார். இத்தனைக்கும் அந்தச் சீமை முழுக்கவே தட்டை. இவர்தான் மண்வெட்டி எடுத்துச் சமன் செய்து வைத்தது போலப் பேச்சு!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஹேசலைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஹேசல் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய் நாலு வருஷம். டெர்பிஷயர் மலைப்பக்கம் இருக்கும் அக்கா, "வந்து என்கூட இரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் வீட்டை விலைக்குப் போட ஆள் வரப்போகிறான். அதற்குள் கிளைவ் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அவருடைய மனைவி ஒரு கார்ப்பெட் வியாபாரியோடு போய் யுகமாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் எந்தப் பெண்ணிடமும் எதுவும் கேட்டதில்லை.

திட்டம் பிரமாதமானது. வாய்க்கால் கரையோடு மெதுவாக மிதித்தால் 'மூன்று விலாங்கு' பப். அங்கே வறுத்த பன்றி இறைச்சியும் ஆப்பிள் சாஸும் யார்க்‌ஷயர் புட்டிங்கும். பப் நடத்தும் பாலினிடம் தோட்டத்து மேசை சொல்லி வைத்தாயிற்று. "இன்னைக்கு அவகிட்ட கேக்கப் போறேன். வாயைத் திறந்துடாதே பாலின், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியும் ஆயிற்று.

சனியன் பம்ப் ஹவுஸ் பக்கத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அங்கே பாலத்தைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போவார். ஆனால் கிழக்குக் கரையில் அவருடைய பழைய சிநேகிதன் ராயின் வீடு. ராய் பேட்டரி சைக்கிள் வாங்கிய நாள் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண்ணில் பட்டால் ஒட்டிக்கொள்வான். ஒட்டிக்கொண்டால் ஹேசல் பக்கத்தில்தான் ஓட்டுவான், பேட்டரி புராணத்தை வழிநெடுகப் பாடுவான். கிளைவ் பாலத்தில் திரும்பாமல் நேராகப் போனார்.

"இந்தப் பக்கமா?" என்றாள் ஹேசல்.

"இந்தக் கரைதான் நல்லா இருக்கும். புல்லு மெத்துன்னு இருக்கும்."

மெத்துன்னுதான் இருந்தது. அளவுக்கு மீறி மெத்துன்னு இருந்தது. சக்கரம் பாதி புதைந்தது. மேற்கேயிருந்து அடித்த காற்று இரண்டு பேரையும் வாய்க்காலை நோக்கித் தள்ளிக்கொண்டே வந்தது.

"ஏத்தமே கிடையாதுன்னீங்க!"

"ஏத்தம் எங்க இருக்கு? இது காத்துங்க."

"காத்துன்னா மூச்சு வாங்காதா?"

கிளைவுக்கு ஒரு தைரியம் இருந்தது. பப்புக்கு எதிரே ஒரு பாலம் உண்டு. சின்ன வயதிலிருந்து கிழக்குக் கரையிலிருந்து பார்த்த பாலம். ஊருக்கெல்லாம் அதை அடையாளமாகச் சொல்லித்தான் வழி காட்டுவார். ஏறித் தாண்டினால் தட்டு தயாராக இருக்கும்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால், அது பாலம் இல்லை. தண்ணீர்க் குழாய். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், வாய்க்காலின் குறுக்கே, பச்சை பெயிண்ட் அடித்து. யாரும் ஏறிவிடக் கூடாது என்று நுனியில் இரும்பு முள்ளை விசிறியாக விரித்து வைத்திருந்தார்கள். கிளைவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அறுபது வருஷம் ஒரு குழாயைப் பாலம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதன் வேறு எப்படி இருப்பான்?

எதிர்க்கரையில் பப் தோட்டம். குழம்பு வாசனை வரவில்லை, காற்று அந்தப் பக்கம் அடித்தது. ஆனால் தட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. நடு மேசையில் பன்றியின் மொறுமொறுத் தோலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? ராய்!

"டேய் கிளைவ்! அந்தக் கரையில என்னடா பண்ற?" என்று கத்தினான் ராய். "அடுத்த பாலம் மதகுகிட்டதான் இருக்கு, எட்டு மைல்! திரும்பினா பம்ப் ஹவுஸ் அதைவிடத் தூரம்!"

பாலின் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். "நான் ரெண்டரைக்கு அடுப்பை அணைச்சுடுவேன்யா! என்ன கிளைவ், அவகிட்ட கேட்டாச்சா?"

தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிளைவ் தண்ணீரைப் பார்த்தார். முட்டாள் வாத்து ஒன்று நிம்மதியாக அக்கரைக்கு நீந்திக்கொண்டிருந்தது.

"என்ன கேக்கணும்?" என்றாள் ஹேசல்.

"அது... பாலின் எப்பவுமே அப்படித்தான். ஏதாவது சொல்வா."

"கிளைவ்."

"சரி, சொல்லிடறேன். ராய் வந்து ஒட்டிக்குவான்னுதான் இந்தக் கரையில கூட்டிட்டு வந்தேன். அவன் அங்க உக்காந்து தின்னுட்டிருக்கான். பாலம்னு நினைச்சது குழாயாப் போச்சு. நான் ஒரு மடையன். ஹேசல், நீ மலைக்குப் போகாதே." 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. "இந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் வரைக்கும் தெரியும். நீ போயிட்டா, அத்தனை தூரத்துக்கும் எனக்குப் பாக்க ஒண்ணுமே இல்ல."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேல்காற்று சொல்லுக்குச் சொல் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் போட்டது. முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

"நல்லாச் சொன்னடா!" என்று ராய் எழுந்தே விட்டான்.

ஹேசலின் முகம் சிவந்தது. வெட்கமா கோபமா என்று கிளைவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

"இதை இப்பச் சொல்றீங்களா? நான் போறேன்னு சொன்னப்ப, ஊர்ல ஒருத்தராவது போகாதேன்னு சொன்னாங்களா? எல்லாரும் 'நல்ல முடிவு, நல்ல முடிவு'ன்னாங்க. நீங்க ஒரு படி மேல! அட்டைப்பெட்டி கொண்டுவந்து அடுக்கிட்டுப் போனீங்க!"

"உதவியா இருக்குமேன்னு..."

"அந்தப் பெட்டியைப் பார்த்துட்டு ராத்திரி பூரா அழுதேன். இந்த மனுஷனுக்கும் நான் போனாப் போதும்போலன்னு."

மரியாதைக்காகச் செய்த காரியம் ஒரு பெண்ணை அழவைத்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது தானும் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொல்ல நினைத்தார். அதற்குப் பதில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுதுட்டிருந்தாளாம், பாவம்" என்று அக்கரையில் யாரோ பக்கத்து மேசைக்கு எடுத்துச் சொன்னார்கள்.

ஹேசல் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பினாள். "நான் எங்கயும் போகலை! போதுமா? சாப்பிடுங்க!"

கைதட்டல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "அப்ப கல்யாணமா?" என்று பாலின் கத்தினாள்.

"அதை இவர் இன்னும் கேக்கவே இல்லையே!"

அப்போதுதான் கிளைவுக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னார், கேட்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டார். மறுபடி வாயைத் திறக்கப் போனவர், தோட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கரையோரம் வந்து வரிசையாக நின்றார்கள். கிளைவ் ஹேசலின் தலைக்கவசத்தை மெல்ல ஒதுக்கி, காதோடு காதாக வாய் வைத்துக் கேட்டார். காற்றுக்கு ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

ஹேசலும் அவர் காதில்தான் சொன்னாள். "சரி. ஆனா இனிமே எந்தக் கரைன்னு நான்தான் சொல்வேன்."

"என்ன சொன்னா? எங்களுக்குக் கேக்கலையே!" என்று அலறினாள் பாலின். "கிளைவ்! உனக்கு ரெண்டு தட்டு மூடி வைக்கிறேன்யா, சொல்லிட்டுப் போ!"

இரண்டு பேரும் சைக்கிளில் ஏறி, மதகு இருக்கும் பக்கமாகக் கிளம்பினார்கள். ஹேசல் முன்னால் போனாள்.