வலி நின்ற கால்

அமாவாசையன்று தறியில் உட்காராதே என்றால் கேட்கிறவளா ஏலவார்குழலி? கல்யாணப் புடவை, மறுநாள் கொடுத்தாக வேண்டும். தெருவே ஓய்ந்து கிடக்க, அவள் தறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதில் அதுவும் நின்றது. துரைக்கண்ணு எட்டிப் பார்த்தான். மனைவி தறிக்கடியில் மிதிக்கட்டை இருக்கும் குழிக்குள் இடது காலைப் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப் போயிருந்தாள்.

"உள்ள இருந்து யாரோ காலைப் புடிச்சி முறுக்கறாங்க," என்றாள்.

தூக்கி வெளியே கிடத்தினான். முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான். அந்த வெயிலில் அப்படியொரு சில்லிப்பு. செத்துப்போன அப்பாவுக்குக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியது ஞாபகம் வந்தது.

அவன் அக்கா செல்லியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "அமாவாசையில குழியில எறங்கினா வுடுமா?" எலுமிச்சம்பழம் அறுத்துக் குழியில் போட்டாள், கற்பூரம் கொளுத்தினாள், காலுக்குச் சூடான தவிட்டு மூட்டை வைத்தாள். போகப்போகக் குழலியின் முனகல் அடங்கியது. வலி போயே போய்விட்டது. "வுட்டுடுச்சி பாரு," என்றாள் அக்கா. துரைக்கண்ணு குழியைப் பார்த்துக் கும்பிட்டான்.

மூட்டையை எடுத்தால் தோல் கொப்பளித்திருந்தது. "சுடலையா குழலி?"

"எப்போ வெச்சீங்க?" கண்ணை மூடியபடியே கேட்டாள். "இந்தாங்க, என் கால் எங்க இருக்குது?"

கால் அவன் மடியில் இருந்தது.

அக்கா தடுக்கத் தடுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டரம்மா பாதத்தில் நாடி தேடினார், முழங்காலுக்குப் பின்னால் தேடினார். இல்லை. குழலியின் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

"வலி நின்னுடுச்சிமா," என்றான் நல்ல சேதி போல.

"அதான்யா பயமா இருக்கு. நெஞ்சுல உறைஞ்ச ரத்தம் போய்க் கால் ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. கால் செத்துக்கிட்டு வருது, அதான் வலிக்கல. உடனே மெட்ராஸ் போய் அந்தக் கட்டியை எடுத்தாகணும். இனிமே சூடு மட்டும் வைக்காதே." ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசி போட்டு வண்டியில் ஏற்றிவிட்டார்.

வழியெல்லாம் குழலி நிம்மதியாகப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அந்தக் கால் ஆடியாடி வந்தது. அவன் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினான்.

ஆபரேஷன் முடிந்ததும் மெட்ராஸ் டாக்டர் சொன்னார்: "கட்டியை எடுத்தாச்சு. உணர்ச்சி திரும்பினா கால் பிழைக்கும். இல்லேன்னா எடுக்க வேண்டி வரும்."

ராத்திரி முழுக்க அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொழுது விடிகிற நேரம், "ஐயோ, கால் எரியுதே" என்று குழலி வீறிட்டாள். வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸ் ஓடிவந்து, "சத்தம் போடாதேமா," என்று அதட்டினாள்.

துரைக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான்.

"கத்தட்டும்மா," என்றான். "வாயை மூடச் சொல்லாதீங்க."