தள்ளிப்போன தெரு

பஸ் நிறுத்தப்பட்ட மறுநாள் காலை, மில் தெரு நகரத்தைவிட்டு ஒரு மைல் தள்ளிப்போயிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஒரு மைல். வீடுகள் அசையவில்லை, குழாயில் தண்ணீர் வழக்கம்போல் வந்தது. சாலை மட்டும் இரவோடிரவாக நீண்டுகொண்டே போனது. தப்பில் தெருக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்க மேயர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வருவது தெரிந்ததும், பாவம், வருகிறவர்கள் உட்கார்ந்து வரட்டும் என்று தெருவே அன்றைக்கு நடந்து வேலைக்குப் போனது. வந்தவர்கள் காலி பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காலி பஸ் எதற்கு என்று மேயர் ஒரே கையெழுத்தில் அதை நிறுத்திவிட்டார்.

எல்லோரையும்விட, தெருவிலிருந்த தையல்காரிக்குத்தான் கவலை அதிகம். அவள் தங்கைக்கு நிறைமாதம். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை வலி எடுத்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாடியிலிருந்து தெரிந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்து, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது. டாக்சிக்காரர்கள் பாதி வழியில் பயந்து திரும்பினார்கள். தையல்காரி தூக்கம் கெட்டு, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தாள்.

புகார் அதிகமானதும் நேரில் பார்க்க மேயரே காரில் புறப்பட்டார். விடிகாலையில் கிளம்பியவர் மதியம் சாய்ந்த பிறகு, முகம் வெளுத்து வந்து சேர்ந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கைக்கு வலி எடுத்தது. தையல்காரி யாரையும் கேட்காமல் கார் கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தாள்.

"பஸ்ஸ நிறுத்துனது நீங்க. கூட்டிட்டுப் போகவேண்டியதும் நீங்கதான்."

"போகலாம்மா. ஆனா அந்த ரோட்ட நெனச்சா எனக்கே பயமா இருக்கு," என்றார் மேயர்.

கார் பறந்தது, சாலை முடியவில்லை. தங்கையின் முனகல் ஏற ஏறத் தையல்காரி டிரைவரை விரட்டினாள். பழைய பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் கை காட்ட, முன்பு பஸ் ஓட்டியவரான மேயரின் டிரைவர், அவரும் பழக்கதோஷத்தில், பிரேக் போட்டார்.

"அண்ணே, நிறுத்தாதீங்க. புள்ள தங்காது," என்று தையல்காரி அழுதாள்.

பெரியவர் நிதானமாக ஏறினார். கதவைச் சாத்தியதும் தொலைவில் ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறினார்கள். கட்டடம் இன்னும் கிட்டே வந்தது. அதன்பின் டிரைவர் ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை. மூட்டையும் முடிச்சுமாக ஒவ்வொருவரும் ஏறி முடிப்பதற்குள் தையல்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் இடம் போதாமல் மேயர் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. மறுநாளே பஸ் திரும்ப ஓடியது. சாலை இன்றும் ராத்திரியில் நீளத்தான் செய்கிறது. காலையில் முதல் பஸ் ஆள் ஏற்றி ஏற்றி அதைச் சுருக்கிக் கொண்டுவருகிறது. தெருவுக்கு அது பழகிவிட்டது. தேர்தல் சமயத்தில் ஓட்டு கேட்டு வந்தவர்கள், மேயர் எப்படி என்று தையல்காரியை விசாரித்தார்கள். தங்கையின் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு அவள் தெருமுனையைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பஸ் வந்தா நல்லவரு," என்றாள். "வரட்டும், சொல்றேன்."