முப்பத்தொன்று புள்ளி இரண்டு

குகன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். விமலன் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினான்.

"விடுங்க மாமா! அந்த கிளினிக் ஜாகாவோட மண்டைய ஒடைக்காம விடமாட்டேன். புள்ளைய கேட்டுக்குள்ளயே விடலல்ல அவன்?"

"வேணாம்டா குகா. உள்ள வாணி படுத்திருக்கா."

"படுத்திருக்காளா? செத்துக் கெடக்குறா மாமா! ஒம்பது வயசுதான்லா அவளுக்கு!"

மச்சினன் கத்தியது அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. அக்கம்பக்கத்தார் முகக்கவசத்தோடு அவரவர் கேட்டுக்குப் பின்னால் நின்று அழுதார்கள். யாரும் வரக்கூடாது என்பது நடமாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெளியே பிரேத வேன் நின்றது. வெள்ளை பிளாஸ்டிக் உடுப்பு போட்ட வேன்காரர் அரை மணி நேரம்தான் என்று சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மகள் வாணிக்கு மூச்சு வாங்கியது. கிளினிக் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா கையை நீட்டி மறித்தான். மூச்சு வாங்கினால் முதலில் கோவிட் டெஸ்ட், ரிசல்ட்டோடு வாருங்கள் என்றான். மறுநாள் காலை கோவிட் இல்லை என்று ரிசல்ட் வந்தது. வாணி எழுந்திருக்கவில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் விரலை ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு இனிப்புநீர், சர்க்கரை வியாதி என்றார்கள். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. நாடே ஒரு நோயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைக் கொன்றது வேறொன்று.

உள்ளே தொம் தொம்மென்று சத்தம். அவன் மனைவி பவானேஸ்வரி சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கொன்னேன்! தண்ணி தண்ணின்னு கேட்டா. தெம்பு வரட்டும்னு இனிக்க இனிக்கச் சிராப் கலக்கிக் கலக்கி ஊத்துனேனே!"

நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. விமலன் இழுத்துப் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். பல் பதிந்தது. அவன் விடவில்லை.

ஆறு வருடமாக இனிப்புநீர்க்காரன் அவன். தினமும் காலையில் சர்க்கரை மெஷினில் பட்டையைச் சொருகிக் கொடுப்பது வாணியின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். பதினொரு நாளைக்கு முன் அவன் குளித்துவிட்டு வந்தபோது, அவள் தன் விரலையே குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷினைத் தூக்கிக் காட்டினாள். முப்பத்தொன்று புள்ளி இரண்டு.

"அப்பா, எனக்கு ஒங்களவிட ஜாஸ்தி!"

அந்த மெஷினில் ஏழைத் தாண்டினாலே சர்க்கரை அதிகம்; அவனுக்கே பதினான்கைத் தாண்டியதில்லை. அவள் விரல்கள் சிராப்பில் பிசுபிசுத்தன. இனிப்புக் கையோடு குத்தினால் இப்படித்தான் காட்டும் என்று நினைத்தான். சாலைத் தடுப்புகளைத் தாண்டி வாங்கி வந்த பட்டை வீணாய்ப் போனதில் ஆத்திரம் வந்தது. வெளயாட்டுச் சாமானா இது என்று பளீரென்று கன்னத்தில் அறைந்தான். நான்கு விரலும் பதிந்தன. அவள் அழவில்லை. தண்ணீர் கேட்டாள்.

கையைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை குத்திப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் செய்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை அவன். இதோ, ஜாகாவின் மண்டை உடைந்தால் தன் மண்டை தப்பும் என்று ஒரு கணம் தோன்றியது.

பவானேஸ்வரி திமிறிக்கொண்டு மறுபடி சுவருக்கு ஓடினாள்.

"பவானி, நிறுத்து! நீ இல்ல. நான்தான்."

அவள் நின்றாள். குகன் வாசற்படியில் நின்றான்.

"அவளே குத்திப் பாத்தா. மெஷின் முப்பத்தொண்ணு காட்டுச்சு. என்கிட்ட காட்டுனா. நான் நம்பல. அறைஞ்சேன்."

"அன்னைக்குக் கன்னம் செவந்து கெடந்துச்சே. கீழ விழுந்துட்டேன்னு சொன்னா" என்றாள் பவானேஸ்வரி.

விமலனுக்கு அது தெரியாது. தன்னைக் காட்டிக் கொடுக்காமல் போயிருக்கிறாள்.

"என்னடா சொன்ன?" என்றான் குகன். பன்னிரண்டு வருடமாக மாமா என்றவன்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது காதுக்குள் கேட்டது. அடுத்தது வாயில். பிளாஸ்டிக் நாற்காலியோடு சாய்ந்தவனைக் குகன் விலாவில் உதைத்தான், முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தான். விமலன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இன்னும் அடி என்றுதான் மனம் கெஞ்சியது. ஆனாலும் பவானேஸ்வரி ஒரு வார்த்தை சொல்வாள் என்று ஒரு மூலையில் காத்திருந்தான்.

அவள் சொல்லவில்லை. நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல் வாணியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அடி விழும் சத்தத்துக்கு நடுவே குனிந்து, மகளின் இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டாள்.

வேன்காரர் வாசலுக்கு வந்து, நேரமாச்சும்மா என்றார். அவள் கையை எடுக்கவில்லை.