மன்னித்துவிட்டாளாம்

ஆறு மணிக்கு எழுந்தேன். ஹீட்டரைப் போட்டேன். தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். சவரம் செய்தேன். ரேடியேட்டரில் காய்ந்த காலுறைகளை எடுத்து மாட்டினேன். ஆறு ஆலிவ், கொஞ்சம் பாலாடைக்கட்டி, நேற்றைய ரொட்டி. தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். ஏழே காலுக்கு உஸ்குதார் படகுத்துறையில் நின்றேன். பனி பெய்துகொண்டிருந்தது. படகு இருபது நிமிடம் தாமதம் என்றார்கள்.

ரிஹாப் இறந்து அன்றோடு நாற்பது நாள்.

அவள் என் மனைவி. போர்ட் சூடானிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நகரத் திட்டமிடல் படிக்க வந்தவள். எதிர்க்கரையில், குர்துலுஷில், ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து உறைந்த பனி பாளமாகச் சரிந்து அவள்மேல் விழுந்தது. காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் நான் வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை.

கூரையைச் சுத்தம் செய்யச் சொல்லி அந்தக் கட்டடத்து நிர்வாகியிடம் குடியிருந்தவர்கள் இரண்டு நாளாகக் கேட்டிருக்கிறார்கள். நெஜாதி என்று பெயர். வெயில் வந்தால் தானே உருகிவிடும் என்றாராம். கட்டட நிர்வாகிகளை எனக்குத் தெரியும். கம்பி தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால், இத்தனை நாள் அறுந்தா போச்சு என்று கேட்கிறவர்கள்.

ஒரு செய்தித்தாளில் மூன்று வரி வந்தது. முதல் பனியைப் பார்க்க ஓடிவந்த பாலைவனத்துப் பெண் என்று எழுதியிருந்தார்கள். அது அவளுக்கு நான்காவது குளிர்காலம். அவள் ஊரில் இருப்பது கடல். பனி அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு கையுறை, மூன்று காலுறை போட்டுக்கொண்டு அரபியில் திட்டிக்கொண்டேதான் கிளம்புவாள். ஆனால் பனி பெய்த எந்த நாளிலும் அவள் வீட்டில் இருந்ததில்லை.

“பனி விழுந்தாத்தான் இந்த ஊரு பொய் சொல்லாம இருக்கும், தானெர்” என்பாள். எந்த மூலையில் கார் ஏறவேயில்லை, எந்தப் படிக்கட்டை எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள், கிழவிகள் எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள், எல்லாம் தடமாகத் தெரியும். கார் தொடாத இடத்தையெல்லாம் நடப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவள் ஆய்வு. அதைக் குறித்த தாள்கள் எப்போதும் அவள் தோள்பையில் இருக்கும். ஃபாத்திஹ் சரிவுகள், பாலாத் சந்துகள், கடைசியாகக் குர்துலுஷ். நான் பிறந்த ஊரில் நான் பார்க்காத தெருக்களை எனக்குக் காட்டியவள் அவள். அண்ணாந்து பார்த்து அவள் நடந்ததே இல்லை. தரையைத்தான் பார்ப்பாள்.

அடக்கத்துக்கு முன் நடந்த ஜனாஸா தொழுகையில் இமாம் வழக்கப்படி மூன்று முறை கேட்டார், இறந்தவள்மேல் உங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று. விட்டுக்கொடுத்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் மற்றவர்களைவிட உரக்கக் கேட்டது. நெஜாதி. அவள்மேல் அவருக்கு என்ன உரிமை இருந்தது?

தொழுகை முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தார். “தம்பி, கடைசி மூச்சுல என்னை மன்னிச்சுட்டா. ‘மன்னிச்சேன் அண்ணே’ன்னு அவ வாயாலயே சொன்னா. மருந்துக்கடை ஷெர்மின் பக்கத்துலதான் இருந்தாங்க, கேட்டுப் பாரு.”

பின்னால் நின்ற ஷெர்மின் அக்கா தலையாட்டினார். அன்றைக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

முந்தைய நாள் மாலை ரிஹாபின் அம்மா தொலைபேசியில் கேட்டார். “எம் மக மன்னிச்சது நெசம்னா நானும் மன்னிக்கறேன். ஆனா யாரோ சொன்னதைக் கொண்டுவந்து எங்கிட்டச் சொல்லாதே, மகனே. நேரே போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு.”

அதற்காகத்தான் போனேன். எதிர்க்கரையில் பெஷிக்தாஷில் இறங்கி மேட்டில் நடந்தேன். பேருந்துகள் ஓடவில்லை.

நெஜாதி கட்டட வாசலில் வாளியும் கையுமாக நின்று, பனி உருக நடைபாதையில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். கூரைக்கு நேர்கீழே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது.

“வா தம்பி, வா. குளிர்ல நிக்காதே. மேல அல்வா கிளறிட்டிருக்காங்க, நாப்பதாம் நாளுக்கு, அவ பேருல. மதியம் குர்ஆன் ஓதறதுக்கும் ஆள் சொல்லியிருக்கேன்.”

“இப்பத்தான் உப்பு கெடைச்சுதா?”

“கோபப்படு, உனக்கு உரிமை இருக்கு. எல்லாம் விதிப்பா.”

“விதி ரெண்டு நாளா கூரைல காத்துக்கிட்டு இருந்துச்சா?”

“கூரைக்கு ஒருத்தனை ஏத்தி, அவன் விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது? நானும் பிள்ளைகுட்டிக்காரன்.” வாளியைக் கீழே வைத்து, கோட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். “அவளே மன்னிச்ச பின்னாடி நமக்குள்ள என்ன இருக்கு? புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்து. வக்கீல் கேக்கறாரு, நான் கேக்கல.”

வாளியை உதைத்தேன். அது தெரு நடுவரை உருண்டது. எதிர்க்கடை ரொட்டிக்காரர் எட்டிப் பார்த்து, “விடுங்க நெஜாதி அண்ணே, தெருவுக்கும் கொஞ்சம் உப்பு வேணுமே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மருந்துக்கடைக்குள் போனேன். நெஜாதியும் பின்னாலேயே வந்தார்.

ஷெர்மின் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டில் பட்டன்களைத் தப்பாகப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“அக்கா, ஒரே கேள்வி. தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க. ரிஹாப் இவரை மன்னிச்சாளா?”

“சொல்லுங்க ஷெர்மின்” என்றார் நெஜாதி. “நீங்க கேட்டதுதானே.”

ஷெர்மின் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போடவில்லை.

“மசூதி வாசல்ல நீ உசுரில்லாத மாதிரி நின்னே, தம்பி. மன்னிச்சுட்டுப் போனான்னு கேட்டா உனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்னு நெனைச்சேன். அதான் தலையாட்டினேன்.”

“யாருக்கு ஆறுதல்? எனக்கா, இவருக்கா?”

“ஷெர்மின், யோசிச்சுப் பேசுங்க” என்றார் நெஜாதி. “நாளைக்கும் இதே கட்டடத்துலதான் கடை வைக்கணும்.”

“நாப்பது நாளா யோசிச்சாச்சு. மேலேருந்து அல்வா வாசனை வேற வருது.” அக்கா என் பக்கம் திரும்பினார். “அவ தலை என் மடிலதான் இருந்துது. இவரு ஓடிவந்து பக்கத்துல மண்டி போட்டாரு. ‘மன்னிச்சேன்னு சொல்லும்மா, ஒரே ஒரு தடவை சொல்லும்மா’ன்னு அழுதாரு. மூச்சுத் திணறிக்கிட்டிருந்த பொண்ணுகிட்ட போய்.”

“அவ உதடு அசைஞ்சுது” என்றார் நெஜாதி. “நான் பாத்தேன்.”

“அசைஞ்சுது. பேசவும் பேசினா. எனக்குக் கேட்டுது, உங்களுக்கும் கேட்டுது. மன்னிப்புங்கற வார்த்தையே அதுல இல்ல. அப்புறம் ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் அவ வாயத் தொறக்கல. அவ்வளவுதான்.”

“என்ன சொன்னா?”

அக்கா சொன்னார்.

நெஜாதி தரையைப் பார்த்தார்.

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். அங்கேயே நின்று போர்ட் சூடானுக்குப் பேசினேன். ரிஹாபின் அம்மா முதல் மணியிலேயே எடுத்தார்.

“மன்னிச்சாளா?”

“இல்லம்மா.”



“பின்ன என்ன சொன்னா எம் மக?”

எனக்குத் தெரிந்த அரபியில், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“உங்க முட்டி என் பை மேல இருக்கு. எடுங்க.”