காயாத இடம்

கட்டைவிரலை எடுத்த பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. கிதாரின் வெண்ணெய் நிற உடம்பில், கம்பிகள் வந்து முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அவனுடைய ரேகை பதிந்திருந்தது. நடுச்சுழி, அதைச் சுற்றிய வரிகள், சின்ன வயதில் பிளேடு கீறிய தழும்பு வரைக்கும் அச்சுப் பிசகாமல் இருந்தது. திருடன்கூடக் கையுறை போட்டுக்கொண்டு வருவான். இவன் கையெழுத்தே போட்டு வைத்துவிட்டான்.

அவன் செய்தது நல்ல எண்ணத்தில்தான். எந்தக் காலத்திலோ பாட்டு வரிசை எழுதி ஒட்டிய டேப்பின் பசை அந்த இடத்தில் அழுக்குப் பிடித்துக் கிடந்தது. கண் புரை ஆபரேஷன் முடிந்து மாமனார் வந்து தன் கிதாரைப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று நினைத்தான். அவனுடைய செல்போன் கடையில் உடைந்த கண்ணாடியைக் கழற்றினால் மிஞ்சுகிற பசைக்கு, பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒரே இழுப்பு. போயே போய்விடும். நாளெல்லாம் அதையே செய்த கை இதற்கும் அதையே செய்தது. பசையோடு பளபளப்பும் கரைந்து கொழகொழவென்று வந்தது. காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்த்ததுதான் புத்திசாலித்தனத்தின் உச்சம்.

தெருவில் பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியாது. மாமனார் கூப்பிடுகிறபடி எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்பதால் அந்த வார்த்தையில் ஒரு நமட்டுச் சிரிப்பும் சேர்ந்தே வரும். மாமா அப்படிச் சிரித்தவர் இல்லை. ஆனால் நம்பியவரும் இல்லை. கிதார் இருந்த பீரோவின் சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்றைக்கு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

அந்த வகைக் கிதார் உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம், அதிலும் கம்பெனியில் அடித்த பெயின்ட் கலையாமல் இருப்பது இன்னும் குறைவு என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சில்தான் கூடப்பிறந்த தம்பியையே தலைமுழுகினார். சேகரிப்பாளர் ஒருவர் பார்க்க வந்திருந்தபோது தம்பி சும்மா இருக்காமல், "வெள்ளைன்னு சொல்றே, இது மஞ்சளால்ல இருக்கு? யாராவது மேல அடிச்சிருப்பாங்களோ?" என்று கேட்டுவிட்டார். என்னைப் பொய்யன் என்கிறாயா என்று மாமா கேட்டதுதான் தம்பியிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. மூத்த மகள் கல்யாணத்துக்குக்கூட அவருக்கு அழைப்பில்லை. வாயால் சொன்னவருக்கே அந்தக் கதி. கையால் செய்தவனை என்ன செய்வார்? தன்னைத் துரத்தினால்கூடப் பரவாயில்லை, கூடவே அவளும் அப்பா இல்லாதவளாகிவிடுவாளே என்றுதான் பயம். கம்பி நீட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தான்.

விசாரித்து விசாரித்து, பழைய மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடும் ஒரு பட்டறையில் கிதாரும் பார்க்கிற அக்கா இருப்பதாகத் தெரிந்தது. குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி கிதார்ப் பெட்டியோடு போனான். அந்த அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கிதாரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மேல இருக்கறது லாக்கர். தெரியுமா?"

"லாக்கர்ல இல்லீங்க்கா, பீரோல தான் இருந்துச்சு. நான்தான் வெளிய எடுத்துட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. லாக்கர் என்றால் மரத்துக்கு மேலே பூசுகிற பூச்சு, தின்னர் பட்டால் எத்தனை வருஷத்துக்குப் பிறகும் இளகிவிடும் என்றார். "அது ஒரு விதத்துல உங்க நல்ல நேரம். புதுசை வச்சா பழசும் இளகி அதோட சேர்ந்துக்கும். வேற பெயின்ட்டா இருந்தா ஒட்டுப் போட்டது தனியாத் தெரியும்."

"அப்போ கண்டே பிடிக்க முடியாதா?"

"கண்ணு நல்லா இருக்கறவங்க உத்துப் பாத்தா கண்டுபிடிக்கலாம்."

மாமா போயிருப்பதே கண்ணை நல்லாக்கிக்கொண்டு வரத்தான்.

வேலை நடக்கிற நாளெல்லாம் கடையை இழுத்துச் சாத்திவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வான். அக்கா போகச் சொன்னாலும் போகமாட்டான். வெள்ளை வேண்டாம், வயசாக ஆக லாக்கர் மஞ்சளாகிவிடும், வெள்ளை எப்போதோ செத்துப்போச்சு என்று சொல்லி, அக்கா துண்டுப் பலகையில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்த்தார். அதிகமானது, குறைந்தது, மறுபடி அதிகமானது. கடைசியில் பலகையைக் கிதாரோடு சேர்த்து வைத்தபோது எது எது என்று தெரியவில்லை. மெல்லிய தூரிகையால் ஒரு துளி வைப்பார், காயவிடுவார், இன்னொரு துளி வைப்பார். மேடு கட்டியதும் ஈரமான உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கினார். ரேகை கொஞ்சம் கொஞ்சமாக முழுகிப்போனது. அதைப் பார்த்தபோது அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது நிலைக்கவில்லை. பெட்டியை மூடும்போது அக்கா சொன்னார்: "பாக்கக் காஞ்ச மாதிரி இருக்கும். நம்பாதீங்க. உள்ள இறுக இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும். விரல் மட்டும் வைக்கவே கூடாது. சூட்டுக்கு அப்படியே பதிஞ்சிடும்."

"ஒரு மாசமா? அதுக்குள்ள அவர் வந்துடுவாரே!"

"வந்தா பாக்கச் சொல்லுங்க. தொட வேணாம்னு சொல்லுங்க."

மாமாவிடம், அவருடைய கிதாரையே தொடாதீர்கள் என்று அவன் போய்ச் சொல்லவேண்டுமாம்.

மாமா மூத்த மகள் வீட்டில் ஒரு கண்ணை முடித்து, மறு கண்ணையும் முடித்துத் தேறிக்கொண்டிருந்தார். அவன் மனைவி கூடவே இருந்து கவனித்துக்கொண்டாள். தினமும் போனில் அவள் குரல் துள்ளியது. "ஏங்க, எதிர் வீட்டு மாடியில காயற துணியை எல்லாம் எண்றாருங்க! சோபாவுல விழுந்த முடிகூடத் தெரியுதாம்." அவன் நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வான். ஒரு மனிதருக்குக் கண் தெரிய ஆரம்பித்ததற்கு வீட்டு மாப்பிள்ளை நடுங்குவது இந்த ஒரு வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

அவர்கள் வந்தது ஒரு முன்மதியத்தில். மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறி இறக்கையில் இருந்த தூசியைப் பார்த்தார். சுவரில் சுவிட்சைச் சுற்றியிருந்த கை அழுக்கைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "ஏம்மா கண்ணுக்குக் கீழ இவ்வளவு கறுத்துப்போயிருக்கே? தூங்கறதே இல்லையா?" என்று கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி, மாப்பிள்ளை."

பெட்டியைத் திறந்ததும் லாக்கர் வாசனை குப்பென்று வந்தது. மனைவி மூக்கைச் சுருக்கினாள். "என்னங்க வாசனை?"

"பீரோ... பூச்சி மருந்து வச்சேன்" என்றான்.

மாமா வாசனையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கிதாரைத் தூக்கி மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"என்ன இது? யார் என்ன பண்ணினது?"

சொல்லிவிடலாம், காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தான். மாமா முந்திக்கொண்டார்.

"இது வெள்ளையில்ல. என் கிதார் வெள்ளைக் கிதார். இது பூரா மஞ்சளா இருக்கு!"

மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அப்பா, அது எப்பவும் இந்தக் கலர்தான்."

"எப்பவுமா?"

"எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து இப்படித்தான்ப்பா. புரைக் கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுமாம், அதான் உங்களுக்கு இது வெள்ளையாத் தெரிஞ்சுது. சொன்னா சண்டை வரும்னு யாரும் சொல்லல."

மாமா அவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடம் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. "அப்போ அவன் சொன்னது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"சித்தப்பா நம்பர் இருக்காம்மா?"

அவள் எண்ணைத் தேடி அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு அவர் முன்னால் பிடித்தாள். மணி அடித்தது. மாமா கிதாரை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கட்டைவிரல் சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

விரலை எடுங்கள் என்று மாப்பிள்ளை சொன்னால், ஏன் என்று கேட்பார். சொல்லவேண்டி வரும். இப்போது சொன்னால், இந்த மஞ்சள் முழுக்கவும் தன் தலையில் விடியும், தம்பி மறுபடி பொய்யனாவார், அந்தப் போன் வைக்கப்படும். சொல்லாவிட்டாலோ விரல் அங்கேயே இருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு மாமா அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஹலோ?" என்றது ஒரு வயதான குரல். "யாருங்க?"

"நான்தான்டா..." என்றார் மாமா.

"மாமா" என்றான் மாப்பிள்ளை. தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "மாமா, விரலை..."

சும்மா இருங்கள் என்பதுபோல் மாமா அந்தக் கையையே தூக்கிக் காட்டினார்.

"அண்ணனா?" என்றது போன்.

கையிருந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. நடுச்சுழியும், அதைச் சுற்றி வரி வரியாக அவருடைய ரேகையும் மஞ்சளில் மின்னின. மாமா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் குனியவில்லை.