நாலாவது கோலி

"நான் போறேன்னா போறேன்தான், நாளைக்கே எழுதிக் குடுத்து—"

"போவே, போவே! ஒத்தப் பொம்பள, மதுரையில எந்தத் தெருவுல போயி—"

"எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துலயே ஹாஸ்டல் இருக்குன்னு எத்தன தடவ—"

"ஹாஸ்டலாம் ஹாஸ்டல்! பிரமோஷன் வேண்டாம்னு ஒரு வரி எழுதுனா இங்கனயே இருக்கலாம்லா? ஒரு தடவயாவது நான் சொல்லுததக் கேளேன்டி!"

"இம்புட்டு நாளும் வேற யாரு சொன்னதக் கேட்டேனாம்?"

எண்பத்தொன்பதாம் வருஷத்துக் குற்றாலச் சீசன். மலையில் பெய்த மழைக்கு மெயினருவி செந்தண்ணியாய்க் கொட்ட, போலீஸ்காரர் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டார். தலையில் எண்ணெய் தேய்த்தும் குளிக்க முடியாமல், அண்ணனும் தங்கையும் துல்கர்னைனின் வீடியோ கேம் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். வல்லிநாயகம் தென்காசியில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். தங்கை பேராச்சி தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன்களை இணைத்துக் கொடுக்கிற ட்ரங்க் ஆப்பரேட்டர். முப்பத்து மூன்று வயது, கல்யாணம் அமையவில்லை. அப்பா போன பிறகு அண்ணன் வீடுதான் வீடு. சூப்பர்வைசராக மதுரைக்கு உத்தரவு வந்திருந்தது. போகிறேன் அல்லது இல்லை என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதுவதற்குப் பேனா போதும். ஆனால் அண்ணன் முகம் சுளிக்க அவள் இதுவரை வாசப்படி தாண்டியதில்லை.

"சாருவாள், சண்டைய மிஷின்ல வச்சுக்கிடுங்க" என்றார் துல்கர்னைன். "ரெண்டு பேரு எதிர்த்து ஆடுத மிஷின். பம்பாயில இருந்து புதுசா வந்திருக்கு."

"இவ கூடயா?" வல்லிநாயகம் சிரித்தார். "ரெண்டடி முன்னால யோசிக்கத் தெரியாது இவளுக்கு. ஏட்டி, இதுல என்னய ஜெயிச்சிட்டு மதுரைக்குப் போ. நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

கோபத்தில் சொன்ன சொல்தான். பேராச்சி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா?"

"குற்றாலநாதர் சாட்சியா."

"மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிக்கணும். துல்கர்னைன் அண்ணே, எப்படி ஆடணும், சொல்லுங்க."

திரையில் ஆளுக்கு ஒரு பக்கம். மேலேயிருந்து வண்ணக் கோலிகள் ஜோடி ஜோடியாக விழும்; கைக்குச்சியை ஆட்டி வேண்டிய இடத்தில் இறக்கலாம். ஒரே நிறத்தில் நாலு ஒட்டினால் மறையும். மறைந்தால் எதிராளி தலையில் சாம்பல் கல் விழும். கோலி இறங்குகிற நடுப்பத்தி மேலே வரை நிரம்பி அடைபட்டால் ஆட்டம் தீர்ந்தது. அடுத்து வரப்போகிற ஜோடி ஓரத்துச் சின்னக் கட்டத்தில் தெரியும். அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் வல்லிநாயகத்துக்கு. வந்த நிறத்தை வந்த இடத்தில் ஒட்டினார். நாலு சேர்ந்ததும் மறைந்தது. பேராச்சியின் பக்கம் கூரைவரை ஏறி அடைத்துக்கொண்டது.

"வர்ணத்துல வந்து யாருகிட்ட மோதுத? இருவது வருஷமா வர்ணம் குழைக்கவன்லா நான்!"

"நடுவாசல அடைக்கக் கூடாது போல" என்றாள் அவள், தனக்குத்தானே.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் ஆடுவதைப் பார்த்து அவருக்குப் பரிதாபமே வந்தது. மூன்று சிவப்பைச் சேர்த்துவிட்டாள். நாலாவது சிவப்பு கைக்கு வந்தும் அதை வேறெங்கோ கொண்டு வைத்தாள். மூன்று மஞ்சள், மூன்று பச்சை. எல்லாம் மூன்றோடு நின்றது.

"ஏட்டி, கண்ணு தெரியலையா? நாலாவதை அங்கன வையி!"

"நீங்க ஒங்க பக்கம் பாருங்க."

"நல்லதுக்குச் சொன்னா... சவம், எப்படியும் போ."

அவளுடைய இரு ஓரங்களும் மச்சுவரை ஏறிவிட்டன. நடுப்பத்தி மட்டும் கிணறு மாதிரித் திறந்து கிடந்தது. இறங்குகிற கோலியை அவள் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் அவர் கவனித்தார். அவள் கண் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் இருந்தது. கை மட்டும் இதைச் செய்தது; மனசு அடுத்ததில் இருந்தது.

ஒரு சிவப்பு இறங்கியது. அந்த நாலாவதைக் கிணற்றுக்குள் விட்டாள்.

சிவப்பு மறைந்தது. மேலேயிருந்த மஞ்சள் சரிந்து மஞ்சளோடு சேர்ந்து மறைந்தது. பச்சை இறங்கிப் பச்சையைத் தொட்டது. நீலம் நீலத்தைத் தேடிப் போனது. கடைசியாக இன்னொரு மஞ்சள் அடுக்கும் சரிந்தது. அவள் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். திரை தானே நடந்தது. ஒவ்வொரு சரிவுக்கும் மிஷின் ஒரு சுருதி ஏற்றிக் கூவியது. வல்லிநாயகத்துக்குக் கை மயிர் சிலிர்த்தது. அவருடைய பக்கத்தில் சாம்பல் கல் மழையாய் இறங்கி மூடியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"யா அல்லாஹ்!" என்றார் துல்கர்னைன். "அஞ்சு அடுக்கு சார்! சீசன் தொடங்குனதுல இருந்து மூணுக்கு மேல யாரும் போனதில்ல."

மூன்றாவது ஆட்டம். வல்லிநாயகமும் அடுக்கினார். அடுக்குவதுதானே, பெரிய வித்தையா என்று நினைத்தார். எதன் மேல் எது, எது போனால் எது விழும் என்ற கணக்கு பாதியிலேயே கலங்கிவிட்டது. ஆனாலும் எப்படியோ ஒரு இரண்டடுக்கு அமைந்தது. ஒரே ஒரு நீலம் வந்தால் போதும். ஓரத்துக் கட்டத்தையே பார்த்துக் காத்திருந்தார்.

பேராச்சி அவர் பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். சின்னதாக ஒரு நாலைக் கழித்தாள். ஒரே ஒரு சாம்பல் கல் வந்து, அவர் நீலம் வைக்க வேண்டிய குழியில் உட்கார்ந்துகொண்டது.

"ஏய், அது எனக்குள்ள எடம்லா!"

"தெரியும்ணே."

அதற்கப்புறம் அவர் ஆடவில்லை. குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தோற்பது பெரிதாகப் படவில்லை. அவள் பக்கத்தை முழுசாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவர் திருத்திய படங்களில், வெறுமனே விட்ட இடம், போட்ட வர்ணத்தைத் தாங்கி நிற்கிற ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. இங்கே நிற்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், சாரலில் நனைந்த தலைமுடி முதுகில் சொட்டச் சொட்ட, அவருடைய தங்கை கட்டி வைத்திருக்கிறாள். ஒரு கோலி விழுந்தது. ஏழு அடுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், சொன்ன சொல் மாறாமல் இறங்கின.

வல்லிநாயகத்தின் பக்கம் கல்லால் மூடியது. மூன்றாவது ஆட்டமும் பேராச்சிக்கு.

"எங்கன பழகுனீங்க அக்கா?" துல்கர்னைன் குரலைத் தாழ்த்திக் கேட்டார், பள்ளிவாசலில் பேசுவதுபோல.

"இன்னைக்குத்தான் பாக்கேன். ஆனா எக்ஸ்சேஞ்சு போர்டுல எங்களுக்கு இதானே வேல?" பேராச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மெட்ராஸ் லைன் காலியான பெறவு ஆளத் தேடுனா லைன் வீணாப் போயிரும். முன்கூட்டியே சுரண்டை மண்டிக்காரர லைன்ல நிப்பாட்டிருவேன். அவருக்குப் பின்னால செங்கோட்டை அர்ஜென்ட், அதுக்கும் பின்னால இலத்தூர் ஆஸ்பத்திரி. போர்டுல சொருகுன ஒரு வயரப் புடுங்குனா மத்ததெல்லாம் தன்னால வந்து விழணும். போன் வந்து எரியுத வெளக்குக்கெல்லாம் ஒடனே கைய நீட்டக் கூடாது. எந்த லைன் எப்ப ஓயும்னு அந்தப் பக்கத்தயும் ஒரு கண்ணு பாத்துக்கிடணும்."

பதினோரு வருஷமாக அவள் அந்த வேலைக்குப் போய்வருகிறாள். ஹலோ, நம்பர் ப்ளீஸ் என்று சொல்லுகிற வேலை என்றுதான் வல்லிநாயகம் நினைத்திருந்தார். ஒரு நாள்கூட என்னவென்று கேட்டதில்லை.

அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து, பிரமோஷன் வேண்டாம் என்று தன் கையாலேயே இங்கிலீஷில் எழுதித் தயாராக வைத்திருந்த தாளை எடுத்து, நாலாகக் கிழித்தார். அது சாரலில் நனைந்திருந்ததால் சத்தம்கூட வரவில்லை. பேராச்சி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை, ஆச்சரியமும் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"ஏட்டி பேராச்சி... வீட்டுல நான் சொன்னதுக்கெல்லாம் சரிண்ணே, சரிண்ணேன்னு தலைய ஆட்டுவியே, அப்பவும் நீ உள்ளுக்குள்ள இப்படித்தான் அடுக்கிக்கிட்டு இருந்தியா?"